மரபணு ஒழுங்குப் பகுதிகளைப் படிக்கக் கற்றல்: பிச்சாவரம் வெண்கண்டலை முன்வைத்து

ஒரு மரபணு எந்தத் திசுவில், எப்போது, எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டே ஒழுங்குப் பகுதி. அது தானாகப் புரதம் எதையும் உருவாக்குவதில்லை. படியெடுத்தல் காரணிகள் எனப்படும் புரதங்கள் வந்து அமரும் இடம் அது. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக வருவது லாக் ஓபரான். ஜேக்கப்பும் மோனோவும் 1961இல் ஈ. கோலை பாக்டீரியாவை வைத்து விளக்கியது. அருமையான பாடம்தான். ஆனால் அதில் விசையும் மரபணுவும் அடுத்தடுத்து இருக்கின்றன. தாவரத்திலும் விலங்கிலும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது மாணவர் மனத்தில் பதியாமலே போய்விடுகிறது.

நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். கதிரிலிருந்து மணி உதிர்வதற்கும் உதிராமல் நிற்பதற்கும் காரணமான மரபணுக்களுள் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். வேறுபாட்டை உண்டாக்கிய ஒற்றை எழுத்து மாற்றம் மரபணுவுக்குள் இல்லை. சுமார் 12,000 எழுத்துகளுக்கு முன்னால், ஒழுங்குப் பகுதியில் இருந்தது. மரபணுவை மட்டும் வாசித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னையோடு வளரும் வெண்கண்டல், உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் இந்த இனத்திலிருந்து உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, ஒன்றை நெல்லிலும் சேர்த்துப் பார்த்தார்கள். 2021இல் புவனேஸ்வரத்து உயிர் அறிவியல் நிறுவனமும் எஸ்.ஆர்.எம். நிறுவனமும் சேர்ந்து இதன் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டன. சுமார் 45.6 கோடி எழுத்துகள், 31 குரோமோசோம்கள், 31,477 புரத மரபணுக்கள். உப்புக்கு எதிர்வினை காட்டுபவையாக 3,246 மரபணுக்களின் பட்டியலும் உண்டு.

அடித்தளமாக இது பெரிய பணி. என் குறை அந்த ஆய்வின் மேல் அல்ல, அதை நாம் படிக்கும் முறையின் மேல். பத்திரிகைச் செய்தி 'உப்பைத் தாங்கும் மரபணுக்கள் கண்டுபிடிப்பு' என்பதோடு நின்றுவிடுகிறது. கல்லூரி ஆய்வேடுகளும் ஆர்என்ஏ வரிசைப்படுத்தலில் கூடியவை சிவப்பு, குறைந்தவை நீலம் என்று ஒரு வண்ணப்படம் வரைந்து முடிந்துவிடுகின்றன. எந்த விளக்கு எரிகிறது என்பதை அந்தப் படம் காட்டும். விசை எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைக் காட்டாது. கடலோர வயலுக்கு உப்பைத் தாங்கும் நெல் வேண்டுமானால், அந்த மரபணு உப்பு ஏறும்போது மட்டும், உரிய திசுவில் மட்டும் இயங்க வேண்டும். எல்லா நேரமும் எல்லா இடத்திலும் இயங்கினால் பயிரின் வளர்ச்சியே குன்றக்கூடும்.

விசையைத் தேட முதலில் தோன்றும் வழி, காரணிகள் அமரும் குறுஞ்சொற்களைத் தேடுவது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஆறெழுத்துச் சொல் ஒன்று தற்செயலாகவே 4,096 எழுத்துக்கு ஒருமுறை வரும். வெண்கண்டலின் 45.6 கோடி எழுத்துகளில் அது ஒரு லட்சத்துக்கும் மேல். இரண்டு இழைகளையும் எண்ணினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஆக, ஒரு மரபணுவுக்கு ஏழு 'கண்டுபிடிப்புகள்' சும்மாவே கிடைத்துவிடும். பிளஸ் டூ கணக்கு தெரிந்த எவரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வேட்டில் அந்த ஒரு வரி இருப்பதில்லை.

அதனால்தான் 2013இல் வந்த அடாக்-செக் முறை பயன்படுகிறது. ஹிஸ்டோன் புரதத்தில் இறுகச் சுற்றாமல் திறந்து கிடக்கும் டிஎன்ஏவை மட்டும் ஒரு நொதி வெட்டிக் குறியிடும். அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தினால், திறந்த இடங்கள் மேடுகளாகத் தெரியும். கேலக்சி என்னும் இலவசத் தளத்தில் இதற்குப் பயிற்சிப் பாடம் இருக்கிறது. சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு சாதாரணக் கணினியும் இணையமும் இருந்தால் போதும். பாடம் நல்ல பாடம். ஆனால் அதிலுள்ள தரவு மனித உயிரணுவுடையது. அப்படியே வெண்கண்டலுக்குப் பொருத்தினால் இரண்டு இடங்களில் சறுக்கும்.

ஒன்று, மேடுகளைக் கண்டறியும் மேக்ஸ் என்னும் மென்பொருள், நாம் மாற்றாவிட்டால், மனித மரபணுத்தொகுதியின் அளவையே எடுத்துக்கொள்ளும். அது வெண்கண்டலினுடையதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. பின்னணி இரைச்சலின் மதிப்பு தாழ்ந்துவிடும். மேடல்லாததும் மேடாகத் தோன்றும். இரண்டு, இலையில் பசுங்கணிகம் உண்டு. அதன் டிஎன்ஏவில் ஹிஸ்டோன் இல்லாததால் நொதி அதைத் தாராளமாக வெட்டும். உட்கருவைத் தூய்மையாகப் பிரிக்காவிட்டால் செலவழித்த வரிசைகளில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மென்பொருள் இதற்கெல்லாம் பிழைச்செய்தி காட்டாது, அழகான படத்தைத்தான் தரும்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. உப்புச் சுரப்பி உயிரணுக்கள் இலையில் சிறுபான்மை. முழு இலையை அரைத்து எடுத்த தரவு எல்லா உயிரணுக்களின் சராசரி. சுரப்பியில் மட்டும் திறக்கும் விசை அதில் மூழ்கிப்போகும். திறந்திருப்பது எல்லாம் விசையும் அல்ல. உறுதிசெய்ய, அந்தத் துண்டை ஜியுஎஸ் என்னும் குறிகாட்டி மரபணுவின் முன்னால் ஒட்டி ஒரு செடியில் செலுத்துவார்கள். உப்புநீர் ஊற்றியபின் எந்தத் திசு நீலமாகிறது, உப்பில்லாத செடியில் அது நீலமாகாமல் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும்.