லயத்துச் சுவரின் பதில்

ஹற்றன், நுவரெலியா மலைகளைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் தேயிலையின் பச்சையைத்தான் எடுக்கிறார்கள். நிலம் அசைகிறதா என்று வானிலிருந்து பார்க்கும் ராடாருக்கு அந்தப் பச்சை பெரிய தொல்லை.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி ஏறக்குறைய 693 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அது அனுப்பும் அலையின் நீளம் 5.5 சென்ரிமீற்றர். தரையில் பட்டுத் திரும்பும் அலை, தன் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். அடுத்த முறை எடுத்த குறிப்பிலிருந்து இதைக் கழித்தால், தரை செய்மதியை விட்டு விலகியதும் நெருங்கியதும் தெரிந்துவிடும். போகும்போதும் வரும்போதும் அந்த விலகலைக் கடப்பதால் 2.8 சென்ரிமீற்றர் அசைந்தாலே ஒரு முழுச் சுற்று. 2 மில்லிமீற்றர் என்றால் சுற்றில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு. ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் போய்வந்த அலையில் இவ்வளவு மெல்லிய இழையைப் பிரித்தெடுக்கிறார்கள். எத்தனை தரம் படித்தாலும் எனக்கு இது மலைப்புத்தான். ஆனால் இது மணிமுள் உடைந்து நிமிடமுள் மட்டும் ஓடும் கடிகாரம். எத்தனை முழுச் சுற்று போயிற்று என்று தானாகச் சொல்லாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு குறிப்புகளுக்கும் இடையில் தரையின் மேற்பரப்பு மாறியிருக்கக் கூடாது. தேயிலையில் அது நடக்கிற காரியமா? கொழுந்து கிள்ளி முடித்த மலை, செய்மதி திரும்பி வருவதற்குள் மறுபடி துளிர்க்கிறது. காற்றில் இலை ஆடுகிறது. கவ்வாத்து வெட்டினால் மலையே மொட்டையாகிவிடுகிறது. அலை இலையிலேயே பட்டுச் சிதறிப்போகும்.

ஒழுங்கான பதில் வருவது தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்துதான். இஸ்தோப்புத் தரையும் சுவரும் செங்கோணத்தில் சந்திக்கும் மூலையில் அலை இரண்டு முறை மோதி, வந்த வழியே திரும்புகிறது. தகரக் கூரை, ஸ்டோர் கட்டடம், பாறை எல்லாமே இப்படி ஆண்டுக்கணக்கில் மாறாமல் பதில் தரக்கூடியவை. அத்தகைய நிலைத்த புள்ளிகளை மட்டும் பொறுக்கி அளக்கும் முறையை மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெரெட்டி, பிராட்டி, ரொக்கா ஆகியோர் 1990களின் இறுதியில் உருவாக்கினார்கள். லயம் வடக்குத் தெற்காக நீண்டிருந்தால் சுவர் செய்மதியின் பார்வைக்கு நேரே வரும், பதிலும் பளிச்சென்று வரும், திரும்பியிருந்தால் மங்கும். வெள்ளைக்காரத் துரை எந்தத் திசையில் லயம் கட்டினாரோ, அந்த விதிப்படி இன்றைய அளவீடு!

செய்மதி தெற்கு நோக்கிக் கடப்பது காலை ஆறு மணி வாக்கில், தோட்டத்தில் பெரட்டுக்குக் கிளம்பும் வேளை. அந்தப் பாதையில் அது கிழக்கே நின்று மேற்கே பார்ப்பதால் மேற்குச் சரிவுகள் நன்றாகத் தெரியும். மாலைப் பாதையில் கிழக்குச் சரிவுகள். நேர் வடக்கிலோ தெற்கிலோ நழுவும் மண்ணை இரண்டுமே சரியாகக் காண்பதில்லை. முகில் ராடாரை மறைக்காது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தும். அசையாத மலை சென்ரிமீற்றர்க் கணக்கில் அசைந்ததாகத் தோன்றும். பல மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தப் பொய்யைக் கழிக்க முடியும்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. சென்டினல்-1 தரவு எல்லோருக்கும் திறக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். முன்பே இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கனவே எச்சரித்திருந்தது. மேலும், மெல்ல ஊரும் மண்ணை அளப்பதே இந்த ராடாரின் வேலை. ஒரே மழையில் சில நிமிடத்தில் இடிந்து வரும் மண்ணை அது முன்கூட்டிச் சொல்லாது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் அனுப்பிய நிசார் செய்மதியில் 24 சென்ரிமீற்றர் அலையும் இருக்கிறது. நீளமான அலை இலைகளை ஊடுருவிக் கிளைக்கும் தரைக்கும் போகக்கூடியது. தேயிலை மலையும் இனிப் பதில் சொல்லலாம். பல்கலைக்கழகங்களில் புவியியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இரண்டு செய்மதிகளின் தரவும் இலவசம், கணக்கிடும் மென்பொருளும் இலவசம். உங்கள் தோட்டத்து மலையை நீங்களே அளந்து பாருங்கள்.