திறவாத மொறிஸ் மைனரும் மூன்று உபாயங்களும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு இயந்திரம் கிளம்பாமற் போவதைக் காட்டிலும் கதவு திறவாமற் போவதே பெருஞ் சங்கடம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், இயந்திரத்தின் கோளாறு எத்தகையதாயினும் மூடியைத் திறந்து அதை அணுகிப் பார்க்க ஒரு மார்க்கம் உண்டு, கதவு அடைத்துக்கொண்டாலோ வண்டி முழுவதும் கண்ணெதிரே நின்றும் கைக்கு எட்டாத வஸ்துவாகிவிடுகிறது. அவ்வேளையில் வண்டிக்குச் சேதம் நேராமல் உதவக்கூடிய உபாயம் எது என்பதை, யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய 1960களின் மொறிஸ் மைனர் 1000 வண்டியில், அவர் உடனிருக்கவே பரீட்சித்துப் பார்த்து எழுதியது இவ்விமர்சனம்.

அலெக் இசிகோனிஸ் என்ற மேதை வடிவமைக்க, 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தின் பார்வைக்கு வந்து, ஒக்ஸ்பர்ட் நகரை அடுத்த கௌலித் தொழிற்சாலையில் பெருகிப் பெருகி, பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் என்ற கீர்த்தியையும் பெற்றது மொறிஸ் மைனர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், துளித் துளியாகச் சேமித்த பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டி, இவ்வகைப் பழைய வண்டிகளை உயிரோடு காப்பாற்றியவர்கள் யாழ்ப்பாணத்துச் சாரதிகளும் கராச் தொழிலாளர்களும் ஆவர். காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டவல்ல அந்தக் கைகளின் பராமரிப்பு, கதவுப் பூட்டை மாத்திரம் எட்டவில்லை. திறப்பு தேய்ந்தால் அதைப் பார்த்து இன்னொன்று வெட்டுவார்கள். அதுவும் தேய்ந்தால் அதைப் பார்த்து வேறொன்று. ஆசிரியரிடம் இருந்தது அவ்விதம் பிரதிக்குப் பிரதியாக வந்த ஒரு திறப்பு. அது பூட்டினுள் தாராளமாகப் போயிற்று; திரும்ப மறுத்தது.

காரணம் பூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே சுழலும் உருளையில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாகச் செருகப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு சிறிய சுருள்வில்லினால் வெளியே தள்ளப்பட்டு நிற்கின்றன. திறப்பின் பற்கள் எல்லாத் தகடுகளையும் ஏககாலத்தில் உருளையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் மாத்திரமே உருளை சுழலும். ஒரு தகடு மயிரிழை அளவு துருத்தி நின்றாலும் அது பூட்டின் சுவரில் தடுத்துக்கொள்ளும். தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டும்போது, தேய்மானமும் புதுத் திறப்பில் உண்மை அளவாகப் பதிந்துவிடுகிறது. இந்த வண்டியில் வெளியிலிருந்து திறப்பால் பூட்டக்கூடியது சாரதியின் கதவு ஒன்றே; மற்றக் கதவு உள்கைப்பிடியை நகர்த்திப் பூட்டப்படுவது. ஆகவே ஒரு பூட்டு பகைத்துக்கொண்டால் வண்டி முழுவதும் அடைபட்டுப்போகிறது.

முதலாவதாக நான் பரீட்சித்தது, கடைகளில் இப்போது பரவலாகக் கிடைக்கும் காற்றுப்பையும் நீள்கம்பியும் சேர்ந்த கருவித் தொகுதி. தட்டையான பையைக் கதவுக்கும் தூணுக்கும் நடுவே செருகி, கையால் அமுக்கும் பம்பினால் காற்றூட்டி, உண்டாகும் இடைவெளியில் கம்பியை விட்டு உள்கைப்பிடியை நகர்த்துவது இதன் உத்தேசம். பை உறுதியானது, கம்பியின் நுனிக்கு றப்பர் உறையும் உண்டு, இக்காலத்துக் கார் ஒன்றில் இதே தொகுதி எவ்விதச் சிரமமுமின்றி வேலை செய்ததை நானே கண்டேன். ஆனால் மைனரின் கண்ணாடியைத் தாங்கும் கதவுச் சட்டம் ஒடுங்கியது. சுற்றியுள்ள றப்பரோ வெயிலில் காய்ந்து இறுகிப்போனது. சிறிது காற்றேற்றியவுடனேயே சட்டத்தின் மேல்மூலை வெளிநோக்கி வளையத் தொடங்க, றப்பரின் விளிம்பில் ஒரு வெடிப்பும் தோன்றியது. சட்டம் ஒருமுறை வளைந்துவிட்டால் மழை நீர் உள்ளே வருவதை நிரந்தரமாக வரவேற்பதாகும் என்று உணர்ந்து, உடனே காற்றை இறக்கிவிட்டேன்.

இரண்டாவது, முன்பக்கத்து முக்கோணக் கண்ணாடி. பழைய வண்டிகளின் இந்தக் காற்றுச் சன்னலின் கொளுக்கி தளர்ந்திருக்குமாயின், அதன் வழியாகக் கைவிட்டுத் திறப்பது பலரும் கையாளும் முறை. இங்கே கொளுக்கி இறுக்கமாகவே இருந்தது.

"தம்பி, கண்ணாடியிலை மட்டும் பலத்தைக் காட்டிப்போடாதேங்கோ. உடைஞ்சால் இதே அளவிலை இன்னொண்டு தேடி அலையவேணும்" என்றார் ஆசிரியர். அவர் சொன்னது முற்றிலும் நியாயம்.

மூன்றாவது உபாயத்துக்கு வேண்டியிருந்தவை ஒரு ரோச் லைற்றும் கைபேசியின் கமராவுமே. 1960களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் எஃப்.எஸ். என்ற வரிசைத் திறப்புகள் வழங்கின. அவ்வரிசை 876 முதல் 955 வரை, எண்பதே வகைகள் கொண்டது. எல்லா வண்டிகளிலும் காணக்கிடைக்காவிடினும், இவ்வண்டியில் திறப்பின் எண் இயந்திரத்தைக் கிளப்பும் பூட்டின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதற்கும் கதவுக்கும் திறப்பு ஒன்றே. பக்கக் கண்ணாடியின் ஊடாக ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் படமெடுத்துப் பெருப்பித்தபோது, எழுத்தும் இலக்கமும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. எண்ணைச் சொன்னால் மூல அளவின்படி வெட்டிய திறப்பை அஞ்சலில் அனுப்பும் வியாபாரிகள் பிரித்தானியாவில் இன்றும் உளர். வந்துசேர்ந்த திறப்பைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: புதியதன் பற்கள் கூர்மையான மேடு பள்ளங்களோடு விளங்க, பழையது பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோல் மழுங்கிக் கிடந்தது. பூட்டுத் துவாரத்தில் பென்சில் கரித்தூளைச் சிறிது ஊதிவிட்டுப் புதுத் திறப்பைச் செருகித் திருப்பியதும், முதலில் சற்றே தயங்கி, பிறகு தெளிவான ஓசையோடு கதவு விடுபட்டது. எண்ணெய் விடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது செம்மண் தூசியைப் பிடித்துவைத்துத் தகடுகளை மேலும் இறுக்கும்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. அஞ்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இது உதவாது. எனக்குத் தெரிந்த எண் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் கள்வனுக்கும் தெரியும் என்பது அதனிலும் பெரிய குறை. எண்ணைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்ட பின், முகப்பிலுள்ள பொறிப்பைக் கறுப்பு மையால் மறைத்துவிடுதல் நலம்.

என் முடிவு இது. காற்றுப்பைத் தொகுதி நல்ல கருவிதான். எனினும் மைனர் போன்ற ஒடுங்கிய சட்டமுடைய வண்டிக்கு அது உகந்ததன்று. பழைய வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும், கதவு ஒழுங்காகத் திறக்கும் காலத்திலேயே பூட்டின் எண்ணைக் கண்டறிந்து, மூல அளவின்படி இரண்டு திறப்புகள் வெட்டுவித்து, ஒன்றை வீட்டிலோ நம்பகமான உறவினரிடமோ ஒப்படைத்து வைப்பதே சிறந்த முதலீடு. இயந்திரத்துக்குக் காட்டிய சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும் பூட்டுக்கும் காட்டுவோமாயின், அரை நூற்றாண்டுக்கும் முன் செய்த அந்தச் சிறு பித்தளைத் தகடுகள் இன்னும் நெடுங்காலம் நேர்மையாக உழைக்கும்.