100-லிருந்து 128-க்குத் தாவ: ஹைதராபாத் மேடையில் எஃப்எல்எக்ஸ்4

ஹைதராபாத் கல்யாண சங்கீத்தில் டிஜேவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெரியவர்கள் பழைய இந்திப் பாட்டு கேட்பார்கள். அது முடிவதற்குள் இளவட்டம் ஆடுவதற்குத் தீன்மார் தாளம் வேண்டுமென்று மேடையருகே வந்து நிற்கும். பாட்டுக்குப் பாட்டு வேகம் மாறும் இந்தக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்கத்தான் பயோனியர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன்.

இரண்டு சேனல், சுமார் 2 கிலோ எடை. ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ ஆகிய இரண்டு டிஜே மென்பொருள்களிலும் ஓடும். இதில் அதிகம் பேசப்படுவது ஸ்மார்ட் ஃபேடர். ஃபேடரை நகர்த்தினாலே வேகம், ஒலியளவு, பேஸ் மூன்றையும் அதுவே சரிசெய்யும். 124-லிருந்து 128 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) போன்ற சிறிய இடைவெளிக்கு அருமை.

100-லிருந்து 128 என்றால் கதை வேறு. அது 28 சதவீத ஏற்றம். டெம்போ ஸ்லைடரை ±16-இல் வைத்தாலும் 116-ஐத் தாண்டாது. வரம்பை வைட் என்று மாற்றினால் எட்டலாம். மாஸ்டர் டெம்போ சுருதியையும் காப்பாற்றும். ஆனால் எந்த மென்பொருளானாலும் அவ்வளவு முடுக்கினால் பாடுபவரின் குரல் கெட்டுவிடும்.

அங்கே கைவேலைதான் கைகொடுக்கும். குரல் ஓய்ந்த இடத்தில் நான்கு பீட் லூப் போடுங்கள். அதை இரண்டாக, ஒன்றாகச் சுருக்குங்கள். எக்கோவை அரை பீட்டுக்கு வைத்து ஃபேடரைச் சட்டென இறக்குங்கள். எக்கோ கரைவதற்குள் அடுத்த பாட்டில் முன்பே குறித்துவைத்த ஹாட் க்யூவை அழுத்துங்கள். இத்தனைக்குமான பட்டன்கள் விரலெட்டும் தூரத்திலேயே இருப்பது இந்தக் கருவியின் பெரிய பலம். 70, 140 போன்ற ஜோடிகளுக்கு இந்தப் பாடும் வேண்டாம். ஒன்றின் ஒரு பீட்டில் மற்றதன் இரண்டு பீட் அடங்கிவிடும்.

தீன்மாரில்தான் உண்மையான சோதனை. அதன் ஓட்டம் திஸ்ர நடை. நிமிடத்துக்கு 100 அடி, ஒவ்வொன்றிலும் மூன்று உட்பிரிவு என்றால் மொத்தம் 300. மென்பொருள் அவற்றை இரண்டிரண்டாகக் கணக்கிட்டால் 150 என்று காட்டும். அதை நம்பி சிங்க் அழுத்தினால் ஆட்டம் குலையும். முன்கூட்டியே தாளத்துக்கேற்ப டேப் செய்து பீட் கிரிட்டைத் திருத்துங்கள். ஆள் வாசித்த தப்பு மேளப் பதிவுகளில் வேகம் ஏறி இறங்கும். அவற்றுக்கு ரெக்கார்ட்பாக்ஸின் டைனமிக் அலசல் முறை பொருந்தும். பிறகு நான்கு உட்பிரிவுள்ள 100 பிபிஎம் சதுஸ்ரப் பாட்டிலிருந்து வேகத்தைத் தொடாமலே தீன்மாருக்குள் நுழையலாம். பெரிய அடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், நடை மட்டும் மாறும். ஆடுபவர்களின் கால் தடுமாறாது.

ஊர்வலத்துக்கு எடுத்துச் செல்லலாமா என்றால், 2024 அக்டோபரில் ஹைதராபாத் காவல்துறை மத ஊர்வலங்களில் டிஜே ஒலியமைப்புக்குத் தடை விதித்தது. ஆகவே இது ஃபங்ஷன் ஹாலுக்கும் வீட்டுப் பயிற்சிக்குமான கருவி. அந்த இரண்டுக்கும் தாராளமாக வாங்கலாம். வாங்கியதும் ஸ்மார்ட் ஃபேடரையும் பீட் சிங்க்கையும் அணைத்துவிட்டுக் காதால் பழகுங்கள். எந்த இடத்தில் தாவினால் கூட்டம் கூடவே வரும் என்பதை அந்தப் பழக்கம்தான் கற்றுக்கொடுக்கும்.