நூற்றுக்கு எத்தனை?

1940களில் வந்த கார்னோஃப்ஸ்கி அளவுகோலில் புற்றுநோயாளிக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டவர் மருத்துவர். 1993இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட க்யூஎல்க்யூ-சி30 படிவத்தில் போடுபவர் நோயாளியே. 30 கேள்விகள். கடந்த வாரம் வலி இருந்ததா, களைப்பு இருந்ததா, பணக்கஷ்டம் வந்ததா? பெரும்பாலானவற்றுக்கு 1 முதல் 4 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பிறகு அது 0 முதல் 100 வரையான அளவுக்கு மாற்றப்படும். தன் உடலைப் பற்றிப் பேசும் அதிகாரம் கொஞ்சமாவது கைமாறியிருக்கிறது. இதை வெறும் கண்காணிப்பு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

சிக்கல் வேறிடத்தில். சிகிச்சை முடிந்து வாழ்கிறவர்களிடமும் இதே படிவம் நீட்டப்படுகிறது. முன்பு நாலு மைல் நடந்தவர், இன்று தெருமுனைவரை போய்வந்தால், 'பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார். மதிப்பெண் ஏறுகிறது. உடல் தேறியதா, ஆசை சுருங்கியதா? அளவுகோலே நகர்ந்துவிட்ட இந்நிலையை ஆய்வாளர்கள் 'ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்' என்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது கணக்கிலிருந்து களையவேண்டிய பிழை. நமக்கோ வாசிக்கவேண்டிய பிரதியே அதுதான். இழப்போடு ஒரு மனிதர் நடத்திய பேரம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

ஏறிய எண்ணைக் காட்டி மறுவாழ்வுச் செலவை வெட்டுவது சுலபம். அதனால்தான் கேட்கிறோம்: 'முன்ன என்ன செஞ்சீங்க, இப்ப எதை விட்டுட்டீங்க?' என்பதற்குப் படிவத்தில் ஒரு வரி இடம் விட்டால் என்ன?