பிச்சைச் சம்பளமும் பெண்களின் பங்குபற்றலும்

ஒரு சமுதாயம் தன் வறியோரைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அதன் சட்டங்களிலும் பார்க்க அதன் வழக்குச் சொற்களே தெளிவாகக் காட்டும். இலங்கையில் வறியோர் கட்டளைச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. வறியோர்க்கு அரசு வழங்கிய மாதாந்த உதவிப் பணத்தை எம்மவர் 'பிச்சைச் சம்பளம்' என்றே வழங்கினர். பிச்சை கொடுப்போன் கருணையால் வருவது. சம்பளம் உழைப்போன் உரிமையால் வருவது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு சொற்களின் சேர்க்கையிலேயே பொதுசன உதவியின் முழுப் பிரச்சினையும் அடங்கியுள்ளது.

1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறின. ஆயின் உதவி பெறும் அலகு குடும்பமாகவே இருந்து வந்துள்ளது. 1931இல் பெண்ணுக்குத் தனியாளாக வாக்குரிமை அளித்த நாடு, உதவி என்று வரும்போது அவளைக் குடும்பத்தின் உறுப்பாகவே காண்கிறது. 'குடும்பத் தலைவர்' என்பது இலக்கணத்தில் இருபாலார்க்கும் பொது. வழக்கிலோ அது ஆணையே சுட்டுகிறது. போரிலே கணவனை இழந்தவளும், காணாமற்போனவனைத் தேடித் திரிபவளும் 'பெண் தலைமைக் குடும்பம்' என்ற தனி வகையாகவே ஏட்டில் இடம்பெறுகின்றனர்.

பெண்கள் பெருமளவில் பங்குபற்றுகின்றனர் என்பர் அதிகாரிகள். உண்மைதான். சமுர்த்தியின் ஐவர் குழுக்களிலும் சேமிப்புக் கூட்டங்களிலும் சிரமதானங்களிலும் பெண்களே மிகுந்திருந்தனர். ஆனால் எவருக்கு உதவி, எவ்வளவு உதவி என்பதைத் தீர்மானித்தோர் அவர்களல்லர். அடுப்படி வேலையோடு இன்னொரு கூலியில்லா வேலை சேர்ந்ததைப் பங்குபற்றல் என்று கூறலாமா? 2005இல் இந்தியா இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பயன்பெறுவோரில் மூன்றிலொரு பங்கினரேனும் பெண்களாயிருத்தல் வேண்டும் என்றும், கூலியில் ஆண் பெண் வேறுபாடு கூடாது என்றும் விதித்தது. நடைமுறையிற் குறைகள் பல இருப்பினும், அங்கே பெண் உழைப்பாளியாகவே பதியப்பட்டாள்.

இனி எமது முகாமின் குறையையும் கூறுதல் வேண்டும். நிவாரணம் வர்க்க உணர்வை மழுங்கச் செய்யும் என்று ஒதுங்குவோர் எம்மிடையே உளர். எமது எழுத்தாளர்களோ வரிசையில் நிற்கும் பெண்ணை இரக்கத்துக்குரிய பாத்திரமாகவே தீட்டிப் பழகிவிட்டனர். 2023இல் அஸ்வெசுமப் பட்டியல் வெளியானபோது, பெயர் விடுபட்டோர் பல ஊர்களிற் பிரதேச செயலகங்களின் முன் திரண்டனர். அவர்களிற் பெண்கள் பலர். 'எந்தக் கணக்கில் எங்களை நீக்கினீர்கள்?' என்ற வினா இரப்போரின் வினாவன்று. பொதுப்பணத்தின் மீது தமக்குள்ள உரிமையை உணர்ந்தோரின் வினா அது. எந்த அறிக்கையும் அதனைப் பங்குபற்றலாகக் கணக்கிடாது, நாம் கணக்கிடுவோம்.

ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்களில் இப்பெண்களுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. தெரிவு விதிகளை அவர்களோடிருந்து படித்து, அவற்றை மாற்றக் கோரும் அமைப்புக்கும் துணை நிற்றல் வேண்டும். பிச்சை என்னும் சொல் அவ்வாறன்றி அகலாது.