மூளைக் கசிவும் இருதயப் பரிசோதனையும்

மூளையின் அடிப்பாகத்துத் தமனியொன்று புடைத்து வெடித்து, சவ்வுகளுக்கிடையே இரத்தம் பரவிய நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும், சி.டி. ஸ்கேன் எடுப்பதோடு ட்ரோபோனின் என்னும் இருதயத் தசைப் புரதத்தையும் இரத்தத்தில் அளந்து பார்ப்பது இன்று பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கமாகிவிட்டது. நோய் தலையிலிருக்க மார்பை எதற்காகச் சோதிக்கிறார்கள் என்று உறவினர் கேட்பது இயல்பு. அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் தக்க விடை உண்டு. வந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்தபடி என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை தோன்றுகிறது.

மூளைக்கும் இருதயத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் நேற்றுக் கண்டதன்று. 1954-இலேயே ஜார்ஜ் பர்ச் முதலிய அமெரிக்க வைத்தியர்கள், மூளைத் தாக்குக்கு ஆளானவர்களின் ஈ.சி.ஜி.யில் டி அலைகள் அளவுமீறிப் பெருத்தும் கியூ-டி இடைவெளி நீண்டும் இருப்பதை எழுதிவைத்தார்கள். கபாலத்துக்குள் அழுத்தம் திடீரென ஏறும்போது பரிவு நரம்புகள் இருதயத் தசைக்குள்ளேயே நாரட்ரினலினை மிதமின்றிச் சொரிந்துவிட, அதன் உக்கிரம் தாங்காமல் தசைநார்கள் சுருங்கிய நிலையிலேயே இறுகி, சில மடிந்தும் போகின்றன. இருதயத் தமனிகளில் அடைப்பு ஏதுமின்றியே நேரும் சேதம் இது. 1978-இல் பிரிட்டனில் நீல்-டுவையரும் அவருடைய சகாக்களும், ப்ரோப்ரனலாலும் ஃபென்டோலமினும் கொடுத்து நரம்பின் அந்த வேகத்தைத் தடுத்திருந்தவர்களுள் இறந்தோரின் இருதயத்தில் இத்தகைய புண்கள் இல்லையென்றும், அம்மருந்துகளைப் பெறாமல் இறந்தோரிடத்தில் இருந்தனவென்றும் காட்டினார்கள். எண்ணிக்கை சிறிதேயானாலும், காரணத்தை இவ்வளவு நேராகச் சுட்டும் சான்று அபூர்வம்.

ஆகையால் ட்ரோபோனினை அளப்பது வீண் காரியமன்று. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 223 நோயாளிகளுள் 20 சதவீதத்தினருக்கு அது உயர்ந்திருந்தது; நினைவு மங்கி மோசமான நிலையில் வந்தவர்களிடமும் பெண்களிடமும் அவ்வுயர்வு அதிகம். 25 ஆய்வுகளையும் 2,690 நோயாளிகளையும் ஒருங்கே திரட்டிப் பார்த்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, இந்த ஏற்றம் மரணத்தோடும், பின்னாட்களில் மூளைக்கு இரத்தம் குன்றுவதோடும் சேர்ந்து வருவதை உறுதிப்படுத்தியது. என் அபிப்பிராயத்தில் இதனினும் பிரதானமான பயன் ஒன்றுண்டு. ஏறத்தாழ 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை மூளைத் தமனிகள் இறுகக்கூடிய காலத்தில், மருந்தால் இரத்த அழுத்தத்தை உயர்த்தியாவது மூளையைக் காக்க நேரிடும். அந்தப் பாரத்தை நோயாளியின் இருதயம் சுமக்குமா என்று முன்கூட்டி விசாரியாத வைத்தியர், நுரையீரலில் நீர் கோத்த பிறகுதான் அதை அறிந்துகொள்வார்.

குறையோ வேறிடத்தில் இருக்கிறது. நடுவயதுப் பெண்மணி ஒருவர் தாங்கமுடியாத தலைவலியோடு மயங்கி விழுந்து, அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈ.சி.ஜி. தாளில் வி3, வி4 லீடுகளின் டி அலைகள் தலைகீழாக ஆழ இறங்கியிருக்கின்றன, ட்ரோபோனினும் உயர்வு, உடனே 'ஹார்ட் அட்டாக்' என்று முடிவு கட்டி, ஸ்கேன் எடுக்குமுன்பே ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துவிட்டால், உறைந்து நிற்கவேண்டிய இரத்தத்தை நாமே இளக்கிவிட்டவர்களாவோம். ஸ்கேனில் உண்மை தெரிந்த பிறகும், இருதய டாக்டர் சம்மதம் தரட்டும் என்று, புடைப்பை அடைக்கக் காயில் (கம்பிச் சுருள்) வைப்பதையோ கிளிப் போடுவதையோ ஒத்திப்போடுகிறவர்கள் உண்டு. புடைப்பு மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி என்பதை நினைத்தால், அந்தத் தாமதத்தை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணும் தனியே நின்று பேசுவதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கும் ட்ரோபோனின் உயர்கிறது. கசிவு எவ்வளவு கடுமையோ அவ்வளவு அதுவும் ஏறுவதால், மரணத்தை அது புதிதாக முன்னறிவிக்கிறதா, மூளையின் நிலையையே வேறு பாஷையில் திருப்பிச் சொல்கிறதா என்று பிரித்தறிவது கடினம். இந்த எண்ணை இறக்குவதற்கென்று தனிச் சிகிச்சையும் இல்லை. ஆகவே, உயர்ந்த எண் வந்தவுடன் படுக்கையருகிலேயே ஓர் எக்கோ செய்துவிட வேண்டும் என்பேன். அதில், இருதயச் சுவரின் அசைவு குன்றிய பகுதி ஒரே தமனியின் எல்லைக்குள் அடங்காமல் பரந்து, பம்பு செய்யும் சக்தி மிகவும் தளர்ந்திருக்க, ட்ரோபோனின் மட்டும் சொற்பமாக உயர்ந்திருந்தால், குற்றம் பெரும்பாலும் மூளையின் மேலதே. அத்தகைய இருதயம் பல நாட்களிலோ சில வாரங்களிலோ தேறிவிடுவதும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் மூளையின் தலையிலேயே சுமத்திவிடுவதும் தகாது. புகைப்பழக்கமும் உயர் இரத்த அழுத்தமும் மூளைத் தமனியைப் புடைக்கச் செய்வதுபோலவே இருதயத் தமனியையும் அடைக்க வல்லவை. அப்படிப்பட்டவருக்கு ஆஞ்சியோகிராம் அவசியமாகலாம். அவசரம் இல்லாதவரையில், அது தலையிலுள்ள புடைப்பை அடைத்த பிறகே நடக்கட்டும்.