டூமோனின் சாதியும் மகத் குளமும்

அமைப்பியல் என்றதும் தமிழ் வாசகருக்கு இலக்கிய விமர்சனம்தான் நினைவுக்கு வரும். 1982இல் வந்த விமர்சகர் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' அதற்கு ஒரு காரணம். சமூக ஆய்வில் அமைப்பியலின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காண லூயி டூமோனிடம் போக வேண்டும். 1949-50இல் மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் அவர்.

திராவிட உறவுமுறை பற்றி 1953இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் வியக்க வைக்கிறது. அப்பாவின் உடன்பிறந்தாள் அத்தை, மாமன் மனைவியும் அத்தை, மாமியாரும் அத்தை. சித்தப்பா மகள் தங்கை, அத்தை மகளோ முறைப்பெண். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு தலைமுறைதோறும் தொடர்வதற்கான ஏற்பாட்டை டூமோன் இந்த அழைப்புமுறையில் கண்டார். அன்றாடம் இப்படி அழைப்பவர்கள் யோசித்துச் செய்த ஒழுங்கல்ல இது. தனிமனித விருப்பங்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் பிடிபட்டிருக்காது.

சாதி முழுவதையும் 1966இல் 'ஹோமோ ஹைரார்க்கிகஸ்' நூலில் இப்படியே விளக்க முயன்றபோதுதான் சறுக்கினார். தூய்மை, தீட்டு என்ற எதிர்வின் மேல் சாதியை நிறுத்தி, அதிகாரத்தை அதற்குக் கீழே வைத்தார்.

இந்தச் சறுக்கலை மகத் குளத்தில் நடந்தது காட்டும். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. அம்மாகாணத்து மகத் நகராட்சியும் மறு ஆண்டு அதை ஏற்றது, ஏட்டளவில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் அங்கே மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்ப, மாநாட்டுக்கு வந்தவர்களை மேல்சாதியினர் தடிகளால் தாக்கினார்கள். பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்.

அந்தச் சடங்கை டூமோனின் கோட்பாடு அட்சரம் பிசகாமல் விளக்கிவிடும். அள்ளிய கையையும் அடித்த தடியையும் விளக்காது. எல்லோரும் ஏற்ற நம்பிக்கைதான் சாதியைத் தாங்குகிறது என்றால் தடிக்கு என்ன வேலை? டூமோன் காட்டுவது பிராமணர் பார்வையில் தெரியும் சாதி என்று மானிடவியலாளர் ஜெரால்ட் பெர்மன் 1971இல் கண்டித்தது முற்றிலும் சரி.

அதற்காக, மனிதர் துணிந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1927ஆம் ஆண்டே மகத் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. குளத்து வழக்கில் தீண்டப்படாதோருக்குச் சாதகமான உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1937இல்தான் வந்தது. அமைப்பும் செயலும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்று 1984இல் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் வகுத்தது பொதுவில் சரிதான். ஆனால் எந்தக் கட்டத்தில் எது மேலோங்கும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அதை மகத் போன்ற நிகழ்வுகளை ஊன்றிப் படித்தே அறிய முடியும்.

டூமோனைப் படியுங்கள். அவர் நூலுக்கு முப்பது ஆண்டு முன்பே வந்த அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரையையும் கூடவே படியுங்கள்.